இருபது புள்ளி ஆறு

தன் மகள் பொய் எழுதினாள் என்று கல்லூரி கொடுத்தனுப்பிய அரைத்தாளைக் கடற்கரைக் கோனார் மூன்று முறை வாசித்தார். மூன்று முறையும் அதில் அப்படித்தான் இருந்தது.

"எம்.எஸ்ஸி. வேதியியல் முதலாம் ஆண்டு மாணவி க. தீபலட்சுமி, விரிதாள் வழி நுண்கணிதச் செய்முறைத் தேர்வில், துறையின் விடையான 20.6 மி.லி. என்பதை 18.3 மி.லி. என மாற்றிப் பொய்யான தரவு அளித்துள்ளார். இது அவரது நன்னடத்தைச் சான்றிதழில் குறிக்கப்படும். குறிக்கப்படாமல் இருக்கவேண்டுமாயின் பெற்றோர் நேரில் வந்து விளக்கம் தருக."

கீழே ஒரு கையெழுத்து. அதற்கும் கீழே, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

இடைசெவலைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கடற்கரைக் கோனார் குடும்பத்தைத் தெரியும். இரண்டு பேருடைய மந்தை கண்மாய்க்கரையில் கலந்துபோய், ஒரு கிடாய் யாருடையது என்று வழக்கு வந்தால், அதை அவர் வாசலுக்குத்தான் ஓட்டி வருவார்கள். காதில் அடையாளத்துக்குப் போட்டிருக்கிற வெட்டைத் தடவிப் பார்த்து அவர் ஒரு சொல் சொல்வார். வழக்கு அத்தோடு தீர்ந்தது. மற்றவர்கள் என்றால் சூடத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அந்த வீட்டாரிடம் சூடம் கேட்கிற வழக்கம் அவர் அப்பா காலத்திலும் இல்லை, தாத்தா காலத்திலும் இல்லை.

"அவிய பெரிய படிப்புப் படிச்சவிய. எதையாவது எழுதுவாவ. ஒரு கையெழுத்தப் போட்டுக் குடுத்துவிடுங்க" என்றாள் அவர் மனைவி ராதாமணி.

"பொய்யின்னு எழுதின தாளுக்கு அடியில எம் பேரப் போடச் சொல்லுதியா?"

ராதாமணி மாவு பிசைவதற்குப் போய்விட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. நடந்தத நடந்தபடி சொல்லு."

தீபலட்சுமி வந்து நின்றாள். அழுது முடித்திருந்தாள். "ஒரு பச்சை உப்புக் கரைசல்ல, மேல கண்ணாடிக் குழாயிலருந்து ஆரஞ்சுக் கரைசலச் சொட்டுச் சொட்டா விடணும்ப்பா. விட விட ஒரு மீட்டர்ல முள்ளு ஏறும். மொதல்ல மெதுவா ஏறும். ஒரு எடத்துல குபுக்குன்னு ஏறும். பெறவு திரும்பவும் மெதுவு. அந்தக் குபுக்கு எத்தனாவது மில்லியில வருதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் கால்குலஸ், அந்த நுண்கணிதம்."

"குபுக்குக்கா?"

"எவ்வளவு ஏறியிருக்குங்கது வேற, எவ்வளவு வேகமா ஏறுதுங்கது வேறல்லாப்பா. அந்த வேகத்தக் கணக்குப் போடணும். கையால போட்டா அரைநாள் ஆகும். கம்ப்யூட்டர் ஷீட்டுல, அதான் அந்த விரிதாள்ல, ஒரு கட்டத்துல மட்டும் கணக்க எழுதிட்டுக் கீழ இழுத்துவிட்டா, மிச்சக் கட்டத்தையெல்லாம் அதுவே போட்டுரும்."

கோனாருக்கு அது விளங்காத விஷயமில்லை. ஒரு குட்டி எத்தனை கிலோ என்பதை யாரும் சொல்லிவிடலாம். எந்த மாதத்தில் அது உடம்பு பிடித்தது என்பதைச் சொல்கிறவன்தான் ஆட்டுக்காரன்.

"உனக்கு எங்கன குபுக்குன்னுச்சு?"

"பதினெட்டு புள்ளி மூணுல."

"கண்ணால பாத்தியா?"

"முள்ளு எகிறினத நாந்தானப்பா பாத்தேன்."

"அப்பஞ் சரி" என்றார் கோனார். மறுநாள் காலை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, துண்டை நான்காக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு மகளோடு பஸ் ஏறினார்.

ரத்தினவேல் நினைவுக் கல்லூரி கோவில்பட்டிக்கு வெளியே பருத்திக் காட்டுக்கு நடுவில் இருந்தது. கரிசல் மண்ணில் கட்டியதால் ஒவ்வொரு கோடையிலும் சுவர் வெடிக்கும். ஒவ்வொரு ஜூனிலும் வெடிப்பின் மேல் ஒரு பெயர்ப்பலகையை மாட்டிவிடுவார்கள். இப்படி அந்தக் கல்லூரியில் பெயர்ப்பலகைகள் பெருகியிருந்தன. வேதியியல் துறை வாசலில் மட்டும் பதினோரு பலகைகள். கடைசியாக மாட்டிய பலகை, "விரிதாள் வழி நுண்கணித மையம், 2002" என்றது.

துறைத்தலைவர் முனைவர் கோகுலகிருஷ்ணன் எழுந்து நின்று கும்பிட்டார். மரியாதை தெரிந்த மனிதர். அவருக்குப் பின்னால் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தங்க நிற எழுத்தில் 20.6 என்று எழுதி மாலை போட்டிருந்தது.

"உக்காருங்க அண்ணாச்சி. மோர் சாப்பிடுதீங்களா?"

"வேண்டாம். எம் பிள்ளை பொய் எழுதினான்னு எழுதியிருக்கீக."

"அதெல்லாம் பெரிய வார்த்தை அண்ணாச்சி. படிவத்துல அச்சடிச்ச வார்த்தை. நாங்களா எழுதல" என்றார் கோகுலகிருஷ்ணன். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "இந்த எண் இருக்கே, இது எங்க துறையோட சொத்து. எண்பத்தொண்ணுல எங்க முதல் துறைத்தலைவர் தன் கையால சொட்டு விட்டுக் கண்டுபிடிச்சது. அன்னையிலருந்து இன்னைவரை எத்தனையோ பிள்ளைக படிச்சுப் போயிருக்கு. யாராவது ஒருத்தர் வேற எண் கொண்டுவந்தது உண்டா? கெடையாது. இருபது புள்ளி ஆறு. மழை பெஞ்சாலும் அதான், மழை பொய்ச்சாலும் அதான். இதுக்குப் பேருதான் அண்ணாச்சி, விஞ்ஞானம்."

"அன்னைக்குக் கரைச்ச கரைசல்தான் இன்னைக்கும் இருக்கா?"

"அது எப்படி இருக்கும்? மாசா மாசம் அட்டெண்டர் புதுசாக் கரைப்பாரு."

"ஒரே அளவாக் கரைப்பாரா?"

"அவரு கைக்கு வந்த அளவு கரைப்பாரு. கரைசல் மாறும் அண்ணாச்சி. விடை மாறாது. அங்கதான் துறை நிக்கிது."

தாம் கேட்ட கேள்வி தவறோ என்று கோனாருக்குத் தோன்றியது. அந்த அறையில் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

"ஆனா ஒண்ணு. உங்க பிள்ளைக்கும் இடம் குடுக்கோம். அடுத்த வியாழக்கிழமை பல்கலைக்கழகத்துலருந்து விரிதாள் கண்காணிப்புக் குழுத் தலைவர் வாராரு. அவரு முன்னால விசாரணை வச்சிருக்கோம். அதுக்கு முன்ன எங்க மையத்த நீங்க ஒருக்காப் பாத்துரணும். பாத்தவிய யாரும் பெறவு கேள்வி கேட்டதில்ல."

நடந்தது இதுதான். வேதியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நுண்கணிதம் வரவில்லை என்று முந்தின ஆண்டு பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. கணக்கு வாத்தியாரைப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அது பழைய முறை என்று தள்ளப்பட்டது. விரிதாளில் எண்களைப் போட்டு, கழித்து, வகுத்து, வரைபடத்தில் கண்ணால் பார்த்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும் என்று முடிவாயிற்று. நல்ல முடிவுதான். கல்லூரிக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரும் வந்தது. ரத்தினவேல் கல்லூரியில் வேதியியல் படிக்கிறவர்கள் நூற்று எழுபது பேர். மின்சாரம் இருக்கிற நேரத்தை நூற்று எழுபதால் வகுத்ததில் ஆளுக்குப் பருவத்துக்கு நான்கு நிமிடம் வந்தது. நுண்கணிதத்தின் பெயரால் அந்தத் துறை சரியாகப் போட்ட வகுத்தல் அது ஒன்றுதான்.

மிச்ச நாட்களுக்குக் காகித விரிதாள். கோனாரை வகுப்பறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நாற்பது பிள்ளைகள் சார்ட் பேப்பரில் அடிக்கோல் வைத்து, முப்பது வரிசை, பன்னிரண்டு பத்தி, முந்நூற்று அறுபது கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோடு கோணினால் அரை மதிப்பெண் போகும். தாளின் ஓரத்தில் மவுஸின் அம்புக்குறியை வரைந்து கறுப்பு மை தீட்ட வேண்டும். அதற்கு இரண்டு மதிப்பெண். வாத்தியார் விசில் ஊதி, "எண்டர்!" என்றார். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மேசையை வலது சுண்டுவிரலால் தட்டினார்கள். "சேமி!" என்றார். நாற்பது சார்ட்டும் ஒன்றாகச் சுருண்டன.

"கரண்ட் போயிருச்சுன்னா?" என்று கேட்டார் கோனார்.

"அதுக்கும் பயிற்சி உண்டு" என்ற வாத்தியார், "கரண்ட் கட்!" என்றார். பிள்ளைகள் போட்ட கட்டத்தையெல்லாம் ரப்பரால் அழிக்க ஆரம்பித்தார்கள். கோனார் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி அழித்த தூளை ஊதி, தாவணியால் துடைத்துவிட்டு, முதல் கோட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

நிஜக் கம்ப்யூட்டர் தனி அறையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பச்சைப் பட்டில் உறை தைத்திருந்தார்கள். திரைக்கு மேலே குங்குமம். அதற்குப் பொறுப்பான யோகராஜ் தொகுப்பூதியத்தில் இருக்கிற விரிவுரையாளர், முப்பது வயது இருக்கும். கோனாரையும் மகளையும் உள்ளே விட்டு, கதவைச் சாத்தினார்.

"இதான் அண்ணாச்சி, துறையோட ஷீட்டு. முதல் பத்தியில எத்தனை மில்லி விட்டோங்கது. ரெண்டாம் பத்தியில மீட்டர் காட்டினது. மூணாம் பத்தியில வேகம். அது உச்சத்துக்குப் போற எடந்தான் விடை."

கோனார் திரையைப் பார்த்தார். மூன்றாம் பத்தியில் எண்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. பக்கத்தில் ஒரு மலை, அதன் உச்சியில் சிவப்பாக 20.6.

"இவ இன்னும் ஒண்ணுமே போடலயே. மூணாம் பத்தி எப்படி வந்துச்சு?"

யோகராஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார். "நாந்தான் டைப் பண்ணி வச்சேன். எண்பத்தொண்ணு ரெக்கார்டுலருந்து. போன வருசம் முதல் வாரம் கணக்கு எழுதித்தான் வச்சிருந்தேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு விடை வந்துச்சு. சார் பாத்துட்டு வேர்த்துப்போயிட்டாரு. 'மிஷின் தடுமாறுது யோகராஜ், விடையப் போட்டுப் பூட்டிரு'ன்னாரு. பூட்டிட்டேன். சாவிச்சொல்ல சாரே அடிச்சாரு. அது அவருக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப இந்தப் பிள்ளைக என்னத்தத்தான் போடுதுக?"

"ரெண்டாம் பத்தியில அதுக எண்ணைப் போடும். பெறவு மூணாம் பத்தியப் பாக்கும். அது அசையாது. விடையக் குறிச்சுட்டு எழுந்திருச்சிரும். நாலு நிமிசம் அதுக்குத்தான் காணும்."

தீபலட்சுமி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "ஷீட்டு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்ப்பா. நான் போட்ட எண்ணுக்கு ஒண்ணுமே அசையல. புதுசா ஒரு ஷீட்டத் தொறந்து, கணக்கையும் நானே எழுதி இழுத்துவிட்டேன். பதினெட்டு புள்ளி மூணு வந்துச்சு. அதத்தான் எழுதினேன்."

"தம்பி, இவ போட்டது சரியா தப்பா?" என்று யோகராஜிடம் கேட்டார் கோனார்.

"சரி."

"இத அவியகிட்டச் சொல்லலாம்லா?"

யோகராஜ் பட்டு உறையை எடுத்துத் தடவினார். "எனக்கு இன்னும் நிரந்தரம் ஆகல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, உறையைக் கம்ப்யூட்டருக்குப் போட்டார்.

வியாழக்கிழமை வந்தது. விசாரணைக்கு அறையில் ஐந்து பேர். நடுவில், பல்கலைக்கழகக் குழுத் தலைவர் பூவனநாதன். கழுத்தில் மாலை, கையில் பன்னீர் தெளித்த ஈரம். வலப்பக்கம் துறைத்தலைவர். இடப்பக்கம் கம்ப்யூட்டரோடு யோகராஜ். எதிரே கோனாரும் மகளும். கம்ப்யூட்டருக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். முதலில் வரவேற்புரை நாற்பது நிமிடம் நடந்தது. அந்த அறையில் வரவேற்கப்பட வேண்டியவர் ஒருவர்தான். அவர் அதைக் கண்ணை மூடிக் கேட்டார்.

பூவனநாதன் பேசினார். "எனக்கு வேதியியல் தெரியாது. நுண்கணிதம் தெரியாது. கம்ப்யூட்டரை நான் தொட்டதில்லை. அதனால்தான் பல்கலைக்கழகம் என்னை இந்தக் குழுவுக்குத் தலைவராகப் போட்டது. எனக்கு எந்தச் சார்பும் கிடையாது. பெரியவரே, உங்கள் தரப்பைச் சொல்லலாம்."

கோனார் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. "எங்க வீட்டுல யாரும் பொய் எழுதினதில்ல. எம் மக கண்டதத்தான் எழுதியிருக்கா. உங்க ஷீட்டுல என்னத்தப் போட்டாலும் ஒரே விடைதான் வருது. அத நீங்களே சோதிச்சுப் பாருங்க."

"சோதிக்கலாமே. என்ன போட வேண்டும்?"

"எங்கிட்ட ஒரு கிடாய்க்குட்டி நிக்கி. பிறந்தப்ப ரெண்டரைக் கிலோ. ஒண்ணாம் மாசம் அஞ்சரை. ரெண்டாம் மாசம் எட்டரை. மூணு, பதினொண்ணு. நாலு, பதினாறு. அஞ்சு, பதினெட்டரை. ஆறாம் மாசம் இருபதரை. இதப் போடச் சொல்லுங்க."

கோகுலகிருஷ்ணன் தடுக்கவில்லை. அவர் முகத்தில் துளிக் கவலையும் இல்லை. யோகராஜ் ஆட்டுக்குட்டியை ரெண்டாம் பத்தியில் ஏற்றினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மலை அப்படியே நின்றது. உச்சியில் 20.6.

"பாத்துக்கிடுங்க" என்றார் கோனார். "ஆட்டுக்குட்டிக்கும் இருபது புள்ளி ஆறு மில்லி."

வழக்கு முடிந்தது என்று கோனார் நினைத்தார். கண்மாய்க்கரை வழக்குகள் இந்த இடத்தில்தான் முடியும்.

பூவனநாதன் மெல்ல எழுந்து கை தட்டினார்.

"அற்புதம்! நான் நாற்பத்தெட்டுக் கல்லூரிகளுக்குப் போயிருக்கிறேன். அமிலத்தை மாற்றினாலே விடை ஆடிப்போகிறது. மாணவனை மாற்றினால் விடை மாறுகிறது. இங்கே ஆட்டைப் போட்டும் அசையவில்லையே! இதல்லவா துல்லியம்! இந்தக் குழப்பம் பிடித்த உலகத்தில் நாம் கல்வி மூலம் எதை உண்டாக்கப் பார்க்கிறோம்? நிலைத்த ஒன்றை. இந்த ஷீட்டை மற்றக் கல்லூரிகளுக்கெல்லாம் அனுப்பப் பரிந்துரை செய்கிறேன். விலங்கியல் துறைக்கும் அனுப்பலாம். ஆட்டுக்கும் ஒத்துவருவதாகப் பெரியவரே நிரூபித்துவிட்டார்."

கோகுலகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க முதல் தலைவர் இன்னைக்கு இருந்திருக்கணும்."

"அய்யா" என்றாள் தீபலட்சுமி. "அதே எண்ணை என்னோட ஷீட்டுலயும் போட்டுப் பாக்கணும்."

பூவனநாதன் மகிழ்ச்சியில் இருந்ததால் அனுமதித்தார். யோகராஜ் அவளுடைய ஷீட்டைத் திறந்து ஆட்டை ஏற்றினார். மூன்றாம் பத்தி ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது. மூன்று, மூன்று, இரண்டரை, ஐந்து, இரண்டரை, இரண்டு. உச்சி, மூன்றாம் மாதத்துக்கும் நாலாம் மாதத்துக்கும் நடுவில் வந்து நின்றது.

கோனார் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "நெசந்தான்" என்றார். "அந்த மாசந்தான் உளுந்து எடுத்த காட்டுல விட்டு மேய்ச்சேன். இந்த மிஷினுக்கு அது எப்படித் தெரியும்?" தம் ஆயுசில் முதன்முறையாக ஒரு மிஷினை அவர் மரியாதையோடு பார்த்தார்.

"கவனித்தீர்களா?" என்றார் பூவனநாதன், குரலைத் தாழ்த்தி. "ஆட்டுக்கு ஒரு விடை, அமிலத்துக்கு ஒரு விடை. போடுகிறதற்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கிறது. கொள்கையே இல்லாத ஷீட். குழந்தை அறியாமல் செய்திருக்கிறாள். குழு இதைப் பெருந்தன்மையோடு பார்க்கிறது. தீபலட்சுமி, பதினெட்டு புள்ளி மூன்றை அடித்துவிட்டு, இருபது புள்ளி ஆறு என்று எழுதி, 'இதை நானே கண்டறிந்தேன்' என்று கையெழுத்துப் போட்டுவிடு. பொய் என்ற வார்த்தையை எடுத்துவிடுகிறோம். அதோடு, தவற்றைத் திருத்திக்கொண்டதற்காக நேர்மைச் சான்றிதழும் தருகிறோம்."

பேனாவை நீட்டினார். நல்ல பேனா, தங்க முள்.

தீபலட்சுமி அப்பாவைப் பார்த்தாள்.

கோனார் தமக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"அந்தப் பேனாவத் தொடாதட்டி" என்றார் மகளிடம். பிறகு பூவனநாதனைப் பார்த்து, "எழுத மாட்டா. நான் எழுதவும் விடமாட்டேன். பொய்யிங்கற வார்த்தைய எடுக்கணும்னா எடுங்க. அவ பொய் எழுதலங்கறதால எடுங்க. இப்பப் புதுசா ஒரு பொய் எழுதினதால எடுக்காதீக" என்றார்.

"உங்கள் உணர்வைக் குழு முழுமையாக மதிக்கிறது" என்ற பூவனநாதன், யோகராஜைப் பார்த்துத் தலையசைத்தார். பிரிண்டர் கிரீச்சிட்டு நடவடிக்கைக் குறிப்பைத் துப்பியது. கோகுலகிருஷ்ணன் அதை எடுத்து உரக்க வாசித்தார்.

"விசாரணை இனிதே நடந்தது. மாணவி தீபலட்சுமி தம் தவற்றை உணர்ந்து, விடையை 20.6 எனத் திருத்திக் கையொப்பமிட்டார். தந்தையார் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, துறைக்கு நன்றி கூறினார். குழுவினர் தேநீர் அருந்திக் கலைந்தனர்."

தேநீர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

"நான் ஒப்புக்கிடலயே" என்றார் கோனார்.

"ஆமாம்" என்றார் கோகுலகிருஷ்ணன், இரக்கத்தோடு.

"இவ கையெழுத்துப் போடலயே."

"போடல."

"பெறவு அதுல எப்படி அப்படி இருக்கு?"

"இது நேத்தே டைப் பண்ணினது அண்ணாச்சி. விசாரணை அன்னைக்கு கரண்ட் போயிட்டா என்ன செய்ய? முன்னாலயே அடிச்சு வச்சிருதது இங்கன வழக்கம்."

"அப்ப மாத்துங்க."

கோகுலகிருஷ்ணன் யோகராஜைப் பார்த்தார். யோகராஜ் ஒரு பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி மறைந்தது.

"அதுவும் பூட்டியிருக்கு அண்ணாச்சி" என்றார் யோகராஜ்.

கோனார் மூன்று முறை "நான் ஒப்புக்கிடல" என்றார். ஒவ்வொரு முறையும் மூன்று பேரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். பிறகு பூவனநாதன் எழுந்து, பொன்னிற ஓரம் போட்ட நேர்மைச் சான்றிதழைத் தம் கையால் நீட்டினார். கோனார் கையை நீட்டவில்லை. அது மேசையில் வைக்கப்பட்டது. சான்றிதழ் கொடுப்பதைப் பிடிக்க வெளியே காத்திருந்த போட்டோக்காரர் உள்ளே வந்து மேசையைப் படம் எடுத்தார்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. இடைசெவலில் இறங்குகிற நேரத்தில் தீபலட்சுமி, "நான் எழுதலப்பா" என்றாள்.

"தெரியும்ட்டி."

"நாளைக்குக் காலேஜுக்குப் போகவா?"

"போ. போகாம என்ன?"

அவள் போனாள். அரைத்தாள் திரும்பப் பெறப்பட்டது. செய்முறைத் தேர்வில் அவளுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வந்தது. மீதி இரண்டு மதிப்பெண், அம்புக்குறிக்கு மை தீட்டாததால் குறைந்தது. வகுப்பில் எல்லோரும் அவளை நேர்மைக்காரி என்று கூப்பிட்டார்கள். கேலியாகக்கூட இல்லை. அது பதிவில் இருந்தது, அதனால் கூப்பிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகல், கோனார் தொட்டியில் ஆட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, போஸ்ட்மேன் அழகிரிசாமி சைக்கிளை நிறுத்தினார்.

"கோனாரே, காலேஜுலருந்து ஒப்புதல் அட்டையோட ரிஜிஸ்தர். அட்டை வச்ச கவரு. மடக்கிரப்பிடாதுன்னு எழுதியிருக்கு."

"என்னது அது?"

"உள்ள இருக்கது எனக்கெப்படித் தெரியும்? வெளிய 'நேர்மைச் சான்றிதழ்'னு போட்டிருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்க."

"வேண்டாம்."

அழகிரிசாமி சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினார். "என்ன வேண்டாம்? காலேஜு குடுக்குத மரியாதைய்யா. நம்மூருல யாருக்கு வந்திருக்கு?"

"நான் வாங்கல. வாங்க மாட்டேன்."

"வாங்கலேன்னா நான் திருப்பி அனுப்பணும். சும்மா அனுப்ப முடியாது. காரணம் எழுதணும்."

"எழுதுங்க."

"வீட்டுல ஆள் இல்லன்னு எழுதட்டா? பொல்லாப்பு இல்லாம முடிஞ்சிரும்."

"நான் இங்கனதான நிக்கேன். இல்லன்னு எதுக்கு எழுதுவீரு?"

அழகிரிசாமி சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். மை வரவில்லை. உள்ளங்கையில் இரண்டு கிறுக்குக் கிறுக்கி, கவரைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதினார்.

"என்ன எழுதினீரு? வாசியும்."

"'நேரில் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார்.' அடியில எங் கையெழுத்து, தேதி."

கோனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொருக்கா வாசியும்" என்றார்.

அழகிரிசாமி வாசித்தார். "ஏன், எதையும் மாத்தணுமா?"

"ஒரு எழுத்தும் மாத்தாதியும். அப்படியே அனுப்பும்."

"திரும்பவும் அனுப்புவாவளே?"

"அனுப்பட்டும். நீரும் எழுதும்" என்றார் கடற்கரைக் கோனார்.